பாட்டு தவறு என்று காட்டிய பிறகு

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. கணித ஆய்வாளராக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கும், விரும்பி வருகிற பெரியவர்களுக்கும் கணிதம் சொல்லித் தருகிறேன். சென்ற மாதம் ஒரு பெரியவர் போதையனார் பாடல் என்று சொல்லப்படும் செய்யுளைச் சொல்லி, வர்க்கமூலமே இல்லாமல் நம் முன்னோர் கர்ணம் கண்டார்கள் என்றார். இரு பக்கமும் 1 ஆக உள்ள செங்கோண முக்கோணத்துக்கு அது பொருந்தவில்லை என்று கரும்பலகையில் காட்டினேன். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு வரவே இல்லை. இதைக் கேள்விப்பட்ட என் பேராசிரியர், கணக்குப் போட முடியாதவர்கள்தான் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிவார்கள், முதலில் தேர்வுக்குப் படி என்றார். ஆய்வு, ஊருக்குச் சொல்வது இரண்டில் ஒன்றை நான் விட்டுவிட வேண்டுமா? என்னைப் போன்றவர்களுக்கு ஆய்வுக்கு வழி இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பேராசிரியர் சொன்னதற்கும் ஆய்வுக்கான வழிக்கும் பின்னால் வருகிறேன். முதலில் அந்தச் சனிக்கிழமை மாலைக்குப் போவோம். ஏனெனில் நீங்கள் கேட்டதற்கான விடையில் பெரும்பகுதி அந்தக் கரும்பலகையில்தான் பாதி எழுதிய நிலையில் நிற்கிறது.

செய்யுள் சொல்வது இவ்வளவுதான்: ஓடுகிற நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு குன்றத்தின் உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும். நீளம் 4, உயரம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. நீளம் 12, உயரம் 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இரண்டும் மயிரிழை பிசகாத விடைகள். இந்த இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டித்தான் இச்செய்யுள் கைப்பேசிக்குக் கைப்பேசி போய்க்கொண்டிருக்கிறது. பார்ப்பவர் மயங்குவதில் வியப்பில்லை. நீங்கள் 1, 1 என்று போட்டுப் பார்த்தீர்கள். செய்யுள் 1.375 என்கிறது, உண்மையான கர்ணம் 1.414. பொது விதி என்று சொல்லப்பட்ட ஒன்றை வீழ்த்த ஓர் எதிர்க்காட்டு போதும் என்பதால், தர்க்கத்தில் உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் அங்கேயே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டீர்கள். பொருந்தவில்லை என்று கண்ட பிறகு, அப்படியானால் எங்கே பொருந்தும், ஏன் அந்த இரண்டு முக்கோணங்களுக்கு மட்டும் அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று கேட்டிருந்தால், அன்று மாலை அந்தக் கூடம் வேறு மாதிரி இருந்திருக்கும். இப்போது சேர்ந்து கேட்போம். உயரத்தை 1 என்றும், நீளம் உயரத்தைப் போல் ம மடங்கு என்றும் கொள்ளுங்கள். செய்யுள் தரும் கர்ணம் எட்டில் ஏழு ம, கூட்டல் அரை. அதன் வர்க்கம் ம² + 1 ஆக வேண்டும். வர்க்கப்படுத்தி, 64 ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் ஒரு பக்கம் திரட்டினால் 15ம² − 56ம + 48 = 0 என்று வரும். பத்தாம் வகுப்பில் நீங்கள் நூறு முறை செய்த காரணிப்படுத்தல்தான் மிச்சம்: (3ம − 4)(5ம − 12) = 0. ஆகவே ம என்பது மூன்றில் நான்கு, அல்லது ஐந்தில் பன்னிரண்டு. நீளமும் உயரமும் 4:3 அல்லது 12:5 என்ற விகிதத்தில் இருந்தால், இருந்தால் மட்டுமே, செய்யுள் துல்லியமாக உண்மை. காட்டுக்காக எடுத்துச் சொல்லப்படும் இரண்டு முக்கோணங்களும் தற்செயலாக அமைந்தவை அல்ல. அந்த இரண்டைத் தவிர வேறு வடிவமே கிடையாது.

இன்னும் ஓர் அடி போகலாம். கர்ணத்தை 1 என்று வைத்துக்கொண்டால் நீளமும் உயரமும் ஓரலகு வட்டத்தின், அதாவது ஆரம் 1 உள்ள வட்டத்தின், மேலுள்ள ஒரு புள்ளியின் ஆயத்தொலைவுகள். நீளத்தில் எட்டில் ஏழும் உயரத்தில் பாதியும் சேர்ந்து 1 என்பதோ ஒரு நேர்கோட்டின் சமன்பாடு. ஒரு நேர்கோடு ஒரு வட்டத்தை இரண்டு புள்ளிகளுக்கு மேல் வெட்டாது. எனவே, இதில் இத்தனை பங்கு, அதில் இத்தனை பங்கு என்று கூட்டிச் சொல்லும் எந்தச் செய்யுளை யார் எழுதினாலும், எந்த மொழியில் எழுதினாலும், அதிகபட்சம் இரண்டே வடிவங்களுக்குத்தான் அது துல்லியமாக இருக்க முடியும். இந்தச் செய்யுள் அந்த உச்சத்தைத் தொட்டிருக்கிறது. அதோடு, கோடு வட்டத்துக்குள் செல்லும் பகுதியில், அதாவது விகிதம் 4:3க்கும் 12:5க்கும் இடையில் இருக்கும்போது, செய்யுளின் விடை உண்மையைவிடச் சற்றே கூடுதலாக வரும். அந்தக் கூடுதல் எங்கும் நூற்றுக்கு 0.8ஐ எட்டாது. 20 அடிக்கு 10 அடி அறையில் மூலைக்கு மூலை செய்யுள் 22½ அடி என்கிறது, உண்மை 22.36 அடி, பிழை இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. 10 அடிக்கு 10 அடி அறையிலோ கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் குறைந்துவிடும்.

எட்டில் ஒன்றையும் பாதியையும் கவனியுங்கள். கயிற்றை மூன்று முறை மடித்தால் எட்டில் ஒன்று கிடைத்துவிடும், ஒரு முறை மடித்தால் பாதி. அளவுகோலும் வேண்டாம், பின்னக் கணக்கும் வேண்டாம். இதை யாத்தவர் யாராக இருந்தாலும், மனைக்கு மூலை மட்டம் பார்க்க 3, 4, 5 கயிறு பிடிக்கிற கொத்தனாருக்கு இது எவ்வளவு கைக்கு அடக்கமானது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெரியவரின் பெருமிதத்தில் பாதி நியாயமானது. பித்தகோரசின் தேற்றத்துக்கு இது மாற்று என்பது தவறு. ஆனால் தேற்றம் தெரிந்தால்தான் இந்தச் செய்யுளின் திறமை எவ்வளவு என்பதே தெரியவருகிறது. இதை அவரிடம் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மேலே செய்ததில் ஆய்வு எது, ஊருக்குச் சொல்வது எது என்று உங்களால் பிரித்துக்காட்ட முடியுமா? எதிர்க்காட்டு ஒன்றைக் கண்டவுடன் நிற்காமல் உண்மையின் எல்லையைத் தேடிப் போவது, குறிப்பிட்ட இரண்டு காட்டுகளிலிருந்து எல்லாச் செய்யுள்களுக்குமான கூற்று ஒன்றை எட்டுவது, இயற்கணிதத்தில் கண்டதை வடிவியலில் மறுபடி காண்பது ஆகியவற்றைத்தான் நாங்கள் ஆய்வு என்ற பெயரில் நாள்தோறும் செய்கிறோம். பொருள்கள் மட்டும் இதைவிடக் கடினமானவை. கேள்வியை உங்களுக்குக் கொடுத்தவரோ ஒரு கிராமத்து நூலகத்துக்கு வந்த பெரியவர். இது புதிதும் அல்ல. 1970களில் தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் வாசல் கோலங்களைக் கணித இலக்கணமாக எழுதிப் பார்த்ததிலிருந்து விதிகளிலிருந்து குறியீட்டுத் தொடர்கள் பிறப்பதை ஆராயும் படிவ மொழிக் கோட்பாட்டில் ஒரு கிளையே வளர்ந்தது. கோலம் போடுபவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்காமல் அது நடந்திருக்காது.

இனி உங்கள் பேராசிரியர் சொன்னது. அவருக்குப் பெரிய துணை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜின் கணிதர் ஹார்டி 1940இல் வெளியிட்ட சிறு நூலில், விளக்கியுரைப்பது இரண்டாம் தர மூளைகளின் வேலை என்றே எழுதினார். அறுபதை ஒட்டிய வயதில், புதிய தேற்றங்கள் வருவது நின்றுபோன துயரத்தில் எழுதியது என்பதால் அவரை நான் மன்னித்துவிடுவேன், ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் ஹார்டிக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரும் பேறு என்று அவரே கருதிய ராமானுஜன், அப்படியோர் இரண்டாம் தர மூளையின் உழைப்பிலிருந்துதான் கிளம்பினார். கார் என்ற தனிப்பயிற்சி ஆசிரியர் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதும் மாணவர்களுக்காகத் தொகுத்த, ஏறத்தாழ 5,000 முடிவுகள் கொண்ட நூல் ஒன்று கும்பகோணத்தில் பதினாறு வயதுப் பையன் கையில் கிடைத்தது. கார் எந்தத் தேற்றத்துக்காகவும் நினைக்கப்படுபவர் அல்லர். ஆனால் அந்த நூலில் நிறுவல்கள் அனேகமாக இல்லை என்ற குறை, ராமானுஜனின் குறிப்பேடுகளிலும் அப்படியே படிந்திருக்கிறது. விளக்கிச் சொல்பவர் என்ன கொடுக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பது கேட்பவரின் உடம்பில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ராமானுஜனைச் சொன்னதும் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் கணிதத்தைப் பொதுமக்களுக்குச் சொல்வது என்றால் பெரும்பாலும் அவருடைய வறுமையையும், அவர் வணங்கிய நாமகிரித் தாயாரையும், நோயுற்றிருந்த அவரைப் பார்க்க ஹார்டி வந்த வாடகைக் காரின் 1729 என்ற எண்ணையும் சொல்வதாகவே இருக்கிறது. 1729ஐச் சொல்பவர்கள்கூட, மருத்துவமனைக் கட்டிலில் மின்னல் அடித்தது போலச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது 9, 10 ஆகியவற்றின் கனங்களின் கூட்டுத்தொகை. 12இன் கனத்தைவிட ஒன்றே ஒன்று கூடுதல். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகை இன்னொரு கனமாகாது என்பது பிரெஞ்சுக் கணிதர் பெர்மா சொன்னதில் ஒரு பகுதி. ஒன்று மட்டும் தட்டிப்போகிற எண்களை ராமானுஜன் தேடித் தொகுத்திருக்கிறார். 135, 138 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டி, 172இன் கனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒன்று குறையும். உங்கள் நூலகத்துப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரப் பெருக்கல் வேலை. வாடகைக் கார் வந்து நிற்பதற்கு முன்பே அந்த மனிதர் அந்தத் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தார் என்று அவர்களுக்கே விளங்கிவிடும். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: நீங்களே கையால் போட்டு, நீங்களே தடுமாறி, நீங்களே நிறுவிப் பார்க்காத எதையும் அந்தக் கரும்பலகையில் எழுதாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் பேராசிரியர் அஞ்சுகிற ஆபத்து, அதாவது பேச்சு மட்டும் வளர்ந்து கணக்கு தேய்ந்துபோகிற ஆபத்து, கிட்டே வராது. அந்த ஆபத்து உண்மையானது; கைதட்டலுக்குப் பழகியபின் தனியறையில் ஆறு மாதம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை போய்விடும் என்பதை நானே கண்டிருக்கிறேன்.

ஆய்வுக்கான வழியைப் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது, குறுகலானது, ஆனால் உங்கள் ஊரிலிருந்து தொலைவானது அல்ல. கணிதர் சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய, இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனமும், அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும் உலகின் எந்தக் கணிதத் துறையோடும் உட்கார்ந்து பேசக்கூடிய இடங்கள். முதலாவதில் முதுநிலைக் கணிதத்துக்கு நுழைவுத்தேர்வு உண்டு. ஐஐடிகளின் முதுநிலைச் சேர்க்கைக்கு ஜாம் தேர்வு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குத் தனித்தேர்வு. உயர் கணிதத்துக்கான தேசிய வாரியம் முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உதவித்தொகை தருகிறது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் கேட்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டுகள் ஆகும், அதன்பின் நிரந்தர வேலைக்கு மேலும் சில ஆண்டுகள் அலைய நேரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிய வருவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

இந்தத் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. அது ஆங்கிலம் அல்ல, மனப்பாடம். நான் இளநிலையில் மெய்யெண் பகுப்பாய்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் வாங்கியவன். நிறுவல்களை வரி விடாமல் ஒப்பிப்பேன். அடுத்த கோடையில் ஒரு பயிற்சி முகாமில், தொடர்ச்சியின் வரையறையைப் பலகையில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். இப்போது இதைத் தொடர்ச்சி இல்லை என்று சொல்வதற்கு ஏற்ப மாற்றி எழுது என்றார்கள். 'ஒவ்வொரு' என்பது எங்கே 'ஏதேனும் ஒன்று' ஆகும், 'ஏதேனும் ஒன்று' எங்கே 'ஒவ்வொரு' ஆகும் என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை, விடை சொல்லவும் இல்லை. மூன்றாண்டுப் படிப்பில் நான் கணிதம் செய்தது அந்த முக்கால் மணி நேரம்தான். கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்டிடிஎஸ் என்ற கணிதப் பயிற்சிக் கோடை முகாம்கள் இதே முறையில், விரிவுரையாகக் கொட்டாமல் கேள்வி கேட்டே நான்கு வாரம் நடத்தப்படுபவை, விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். அதுவரை, உங்கள் பாடநூலில் ஒரு தேற்றத்தைப் படித்ததும் நிறுவலைக் கையால் மூடிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் போராடுங்கள். பிறகு தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கிவிட்டு எங்கே உடைகிறது என்று பாருங்கள். செய்யுளை 1, 1 என்று போட்டுச் சோதித்தவர் நீங்கள். அந்தக் குறும்பு உங்களுக்கு இயல்பாகவே இருக்கிறது, அதைப் பாடநூலின் மேலும் காட்டுங்கள்.

தமிழ்வழி படித்தவர் என்பதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். கணித ஆங்கிலம் சிறியது. முந்நூறு சொற்களும் இருபது வாக்கிய அமைப்புகளும் பழகினால் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிடலாம், ஓராண்டு பிடிக்கும். நிறுவலைத் தமிழிலேயே யோசித்து எழுதிப் பழகுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'எனில்' என்பதும் 'எனில் மட்டுமே' என்பதும் வேறு வேறு என்று பத்து வயதுப் பிள்ளைக்கு நம் மொழியில் விளங்கவைக்கத் தெரிந்தவருக்கு, அது எந்த மொழியிலும் குழம்பாது.

துணைக்கு ஆள் தேடுங்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ராமானுஜன் தனியாகவே முளைத்தவர் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். 1907இல் வி. ராமஸ்வாமி ஐயர் என்ற துணை ஆட்சியர், வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனியாக வாங்க வசதியில்லாத கல்லூரி ஆசிரியர்களைச் சேர்த்து, வாங்கியவற்றை அஞ்சலில் சுற்றுக்கு விட ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் இந்தியக் கணிதவியல் சங்கம் ஆயிற்று. 1910இல் வேலை கேட்டுத் திருக்கோவிலூரில் அவர் முன்னால் போய் நின்ற ராமானுஜனின் குறிப்பேட்டைப் பார்த்து, இவரைக் கீழ்நிலை எழுத்தராக்கி வீணாக்கக் கூடாது என்று சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியவர் அவரே. மறு ஆண்டு அந்தச் சங்கத்தின் இதழில்தான் ராமானுஜனின் எழுத்து முதலில் அச்சேறியது. அலுவலகக் கோப்புகளுக்கு நடுவில் கணிதம் பார்த்த அரசு ஊழியர்கள் இல்லாமல் ஹார்டிக்குக் கடிதம் போயிருக்குமா என்பது ஐயம். பிற்காலத்தில் லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ராசீன், புதிய கணிதத்தை வகுப்பில் சொல்லி, சேஷாத்ரியையும் எம். எஸ். நரசிம்மனையும் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தின் பக்கம் திருப்பிவிட்டார். 1965இல் அவ்விருவர் பெயரால் வந்த தேற்றம் இன்று உலகெங்கும் பாடமாக இருக்கிறது.

ஆய்வுப் பாதை உங்களுக்குத் திறக்காமலே போகலாம் என்பதையும் மறைக்க மாட்டேன். அப்போதும் பி. கே. சீனிவாசனைப் போன்ற ஒருவராகலாம். சென்னை முத்தியால்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ராமானுஜனை அறிந்தவர்களைத் தேடித் தேடிக் கடிதங்களும் நினைவுகளும் சேகரித்து 1968இல் வெளியிட்டவர். 1993இல் இராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமையக் காரணமானவர். ராமானுஜன் வாழ்க்கையை எழுதும் ஆய்வாளர்கள் இன்றும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். உங்கள் சனிக்கிழமை வகுப்புக்குத் துணை வேண்டுமானால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையை அணுகுங்கள். அவர்களுடைய துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழுக்கு, தரமணி ஆய்வாளர் ஆர். ராமானுஜம் போன்றவர்கள் ஆய்வை விடாமலே பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். உலகக் கணித மாநாடுகளில் இந்தப் பணிக்கென்றே 2010இல் தொடங்கி வழங்கப்படும் பரிசுக்கு பாஸ்கரரின் லீலாவதி என்ற கணித நூலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை உங்கள் பேராசிரியரிடம் பணிவாகச் சொல்லலாம். பணிவாகச் சொன்னால் போதும். தேர்வுக்குப் படி என்று அவர் சொன்னது உங்கள் மேலுள்ள அக்கறையால்தான்.

கடைசியாக ஒரு கணக்கு. 4, 3, 5 முக்கோணத்துக்கும் 15, 8, 17 முக்கோணத்துக்கும் துல்லியமாக இருக்கும்படி புதிய செய்யுள் ஒன்றுக்கான பங்குகளைக் கண்டுபிடியுங்கள்: நீளத்தில் எத்தனை பங்கு, உயரத்தில் எத்தனை பங்கு? இரண்டு தெரியாதவற்றுக்கு இரண்டு சமன்பாடுகள்தான். வருகிற பின்னங்களின் கீழே 13 இருக்கும். கயிற்றை மடித்து அதைச் செய்ய முடியுமா என்று பிள்ளைகளை முயலச் சொல்லுங்கள். பழைய செய்யுளை யாத்தவரின் கைத்திறன் அப்போது இன்னொரு முறை தெரியும். விடை வந்ததும் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்கு நீங்களே போய், இதைச் செய்யுளாக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். பதின்மூன்றைச் சந்தத்தில் அடக்குவது எளிதல்ல. அவருக்கும் ஒரு வாரம் பிடிக்கும்.